முயலுக்கு எடை பார்த்த வெள்ளிக்கிழமைகள்

கல்யாணமாகி நான் சின்ன காஞ்சிபுரத்துக்கு வந்த வருஷம், அந்த வீட்டில் என்னைவிட நன்றாகச் சாப்பிட்டது ஒரு முயல். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. காலையில் அதற்குப் பால் சோறு. பத்து மணிக்கு ஊறவைத்த வேர்க்கடலை. மதியம் வாழைப்பழம், சாயங்காலம் வேகவைத்த கேரட். எனக்கு, எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியில் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அது. அறுபதுகளின் கடைசியில் நடந்த விஷயம். இத்தனை வருஷம் கழித்து எழுத உட்கார்ந்தாலும் கோபம் வருகிறது. வரட்டும், அதை எதற்கு அடக்க வேண்டும்?

அந்த முயலை என் மாமனார் மெட்ராஸ் போனபோது மூர் மார்க்கெட்டில் வாங்கி வந்தாராம். வெள்ளை வெளேரென்று இருக்கும், சிவப்புக் கண். அது வந்த வாரமே ஒரே கல்யாண வீட்டுக்குப் பதினோரு புடவை நெய்யும் வேலை வந்தது. அவ்வளவுதான், முயல் ராசியானதாகிவிட்டது. அந்த வீட்டுக்கு நான் வந்த வாரம் வீட்டுக் கூரையில் ஓடு ஒன்று உடைந்து விழுந்தது. ஆக, நான் என்ன ஆனேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதலில் அது தறிக்குக் கீழேதான் திரிந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டுத் தறி தரையில் பள்ளம் தோண்டிப் போட்ட தறி. நெய்கிறவர் விளிம்பில் உட்கார்ந்து காலைப் பள்ளத்துக்குள் விட்டு மிதிகட்டைகளை மிதிக்க வேண்டும். முயல் அந்தப் பள்ளத்தில் இறங்கி மிதிகட்டையைக் கொறிக்கும், மூங்கில் குச்சியைக் கொறிக்கும், எது கிடைத்தாலும் கொறிக்கும். ஒரு நாள் மிதிகட்டையைக் கட்டியிருந்த கயிற்றைக் கடித்துவிட்டது. பாதி நாள் வேலை நின்றது. ராசியான முயலை யார் அடிப்பது? இரும்பு வலை போட்ட கூண்டு ஒன்று வந்தது. கூண்டு பின்கட்டு வாசலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலிமேல் ஏறி உட்கார்ந்தது. அதற்குள் கடிக்க இரும்பைத் தவிர ஒன்றும் இல்லை.

புல்? பட்டு நெய்கிற வீட்டுக்குள் புல்லா! வீட்டின் நீளத்துக்கும் பட்டு இழைகள் இழுத்துக் கட்டியிருக்கும். ஒரு வைக்கோல் தூசி, ஒரு புல் விதை அதில் ஒட்டினால் இழை சிக்கிக்கொள்ளும். புதுத் துடைப்பம் வாங்கினால்கூடப் பின்கட்டில் பத்துத் தடவை அடித்து, தூள் உதிர்ந்த பிறகுதான் உள்ளே எடுத்து வருவோம். அதனால் முயலுக்குப் புல் கிடையாது. தூசி இல்லாத, மெத்தென்ற சாப்பாடுதான். எல்லாம் மாமியார் கையால் தயாராகும். கூண்டுக்குள் கொண்டுபோய் வைப்பது மட்டும் என் வேலை.

என் பிறந்த வீடு வாலாஜாபாத் பக்கம். என் அப்பாவும் நெசவாளிதான், ஆனால் பருத்தி. துண்டும் லுங்கியும் நெய்வார். கூடவே நாலு ஆடு வளர்த்தோம். பட்டு வீட்டுக்காரர்களுக்கு நாங்கள் ஒரு படி இறக்கம். என் மாமியார் என்னைப் பற்றிப் பேசும்போது "நூல் வூட்டுப் பொண்ணு" என்பார். பிறகு ஏன் கட்டிக்கொண்டு வந்தார்கள் என்றால், பெண் பார்க்க வந்த அன்றைக்கு என் அப்பா கைகூப்பிக்கொண்டு சொன்ன ஒரு வார்த்தைக்காக. "என் பொண்ணு வாயில்லாப் பூச்சிம்மா" என்றார். எனக்குக் கீழே இரண்டு தங்கைகள் கல்யாணத்துக்கு நின்றார்கள். அவர் வேறு என்ன சொல்லுவார்? மாமியாருக்கு அந்த வார்த்தை பிடித்துப்போயிற்று. தெருவெல்லாம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

கல்யாணத்தன்று வளையல்காரர் என் கையில் சோப்பு போட்டு, எலும்பை அழுத்தி, நான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, ஒரு டஜன் கண்ணாடி வளையல் ஏற்றினார். அப்படிப்பட்ட கை எனக்கு. ஆறேழு மாதத்தில் நான் ராட்டையில் தார் சுற்ற உட்கார்ந்தால், அதாவது தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் ஊடை நூலைச் சுற்ற உட்கார்ந்தால், வளையல்கள் மணிக்கட்டில் விழுந்து விழுந்து நூலில் இடித்தன. அவற்றை முழங்கைவரை தள்ளி ஏற்றிவிட்டுக்கொண்டு வேலை செய்வேன். அது எனக்கு ஒரு தொல்லையாகப் பட்டதே தவிர, வேறு ஒன்றும் தோன்றவில்லை. யாருக்கும் தோன்றவில்லை.

இனி தராசுக்கு வருகிறேன். பட்டு வீட்டில் தராசு சாமி மாதிரி. பட்டை எடை போட்டுக் கொடுப்பார்கள், நெய்த புடவையை எடை போட்டுத் திரும்ப வாங்குவார்கள். குறைந்தால் யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பட்டு யார் கைபட்டு வந்ததோ அவர்கள் பதில் சொல்ல வேண்டும். இதுதான் அந்த வீட்டுச் சட்டம். அதற்கு மேல் கேள்வி கிடையாது. வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் மாமனார் தராசுத் தட்டில் ஒரு கூடையை வைத்து, அதற்குள் முயலை உட்காரவைத்து எடை பார்ப்பார். எடை ஏறினால் லட்சுமி ஏறுகிறாள் என்று அர்த்தமாம். இரண்டு கிலோ கல்லுக்கு மேல் இன்னும் நானூறு கிராம் கல் வைத்தால்தான் தட்டு சமமாகும். தெருவில் போகிறவரைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை ஐம்பது கிராம் குறைந்தது. மாமனார் கவலைப்படவில்லை. "வெயிலுக்குப் பட்டே காஞ்சு எடை குறையும். இது முயல்தானே" என்றார். பட்டு ஈரக்காற்றில் கனக்கும், வெயிலில் இளைக்கும், அது உண்மைதான். ஆனால் உயிருள்ள ஒரு பிராணியை நூல்கண்டோடு சேர்த்து யோசிக்க ஒரு பட்டு நெசவாளியால்தான் முடியும்.

அடுத்த வாரம் இன்னும் நூறு குறைந்தது. அதற்கடுத்த வாரம் இன்னும். இப்போது வெயில் என்ற காரணம் எடுபடவில்லை. மாமனார் கல்லை ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து எடுத்துவிட்டு, முயலைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். மாமியாரும் பார்த்தார். எதற்கு என்னைப் பார்க்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

புரிய வைத்தவர் எதிர்வீட்டு அம்மாள். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னார். "பாவம், வாயில்லா ஜீவன். அதோட சோத்துலயே கை வைக்கிறாங்களே, இது அடுக்குமா?" மாமியார் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சுக்கு நான் அவரை இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு நாள் நான் அதன் வாழைப்பழத்தைத் தின்றேன். சாயங்காலம் கூண்டைக் கழுவப்போனபோது மதியம் வைத்த துண்டு அப்படியே கிடந்தது, ஓரம் கறுத்திருந்தது. குப்பையில் போட வேண்டியது. வாயில் போட்டுக்கொண்டேன். பசி. அது திருட்டு என்றால் திருட்டுதான். ஆனால் முயல் இளைத்தது நான் தின்றதால் அல்ல. அது தின்னாமல் விட்டதால்தான் நான் தின்றேன்.

அன்றிலிருந்து அதைக் கவனிக்க ஆரம்பித்தேன். சாப்பாட்டுத் தட்டை வைத்ததும் ஓடி வரும். பசியில்லாத பிராணி அப்படி ஓடி வராது. கடலையை வாயில் எடுக்கும், தலையைச் சாய்த்து என்னவோ செய்யும், கீழே விழுந்துவிடும். மறுபடி எடுக்கும். மோவாய் எப்போதும் ஈரமாக இருந்தது. பால் சோற்றில் பாலை மட்டும் நக்கும். என் பிறந்த வீட்டில் ஒரு கிழட்டு ஆடு இருந்தது. கடைசிக் காலத்தில் அதுவும் இப்படித்தான் தழையை வாயில் எடுத்து எடுத்துக் கீழே போட்டது. அப்பா ஆடு வாங்கப் போனால் முதலில் அதன் வாயைத் திறந்து பல்லைத்தான் பார்ப்பார். நானும் முயலின் வாயைத் திறந்து பார்க்க முயன்றேன். மார்பில் நாலு கோடு கிழித்துவிட்டு ஓடியது.

மாமியாரிடம் போய் மெதுவாகச் சொன்னேன். "அத்தே, அது பசியோடதான் ஓடி வருது. வாயில எடுக்குது, அப்புறம் கீழ போட்டுடுது. வாயில ஏதோ இருக்குதுன்னு தோணுதுங்க."

"வாயில்லாப் பூச்சின்னுதானே உன்னைக் கட்டிக்கினு வந்தோம்? இப்ப காரணம் சொல்லவும் கத்துக்கினியா?" என்றார்.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டேன். அவர்கள் முயலுக்குத் திருஷ்டி சுற்றினார்கள். மிளகாய் நெடி போதாதென்று கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டினார்கள். பால் சோற்றில் நெய் சேர்த்தார்கள். நெய்! என் தட்டில் நெய் விழுந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. கயிறு கட்டியவர்களில் ஒருவராவது அதன் வாய்க்குள் எட்டிப் பார்த்தார்களா?

நான்காவது வெள்ளிக்கிழமை இரண்டு கிலோ கல்லே பாரமாகிவிட்டது. முயல் இருந்த தட்டு மேலே நின்றது. மாமனார் தராசை இறக்கி வைத்துவிட்டு, என்னிடம் பேசாமல், தறியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

"பட்டுல குறைஞ்சா யாரைக் கேக்கறோம்? கைபட்டவங்களைத்தானே? அவங்க அப்பாவுக்கு ஒரு கார்டு போடு. நேர்ல வந்து என்ன ஏதுன்னு கேட்டுட்டுப் பொண்ணை இட்டுக்கினு போவட்டும். கொஞ்ச நாள் அங்கயே இருக்கட்டும்."

என்னை அனுப்புவது ஒரு பக்கம் இருக்கட்டும். என் அப்பா இந்த வீட்டு வாசலில் கைகூப்பிக்கொண்டு நின்று, உன் மகள் முயல் சோற்றைத் திருடினாள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதைக் கேட்டுவிட்டு ஊருக்குப் போய் இரண்டு தங்கைகளுக்கு மாப்பிள்ளை தேட வேண்டும். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கார்டு எடுத்து எழுத உட்கார்ந்தார். அவர் கையெழுத்து அழகாக இருக்கும். அதைப் பார்க்கவே பிடிக்காமல் நான் உள்ளே போனேன்.

மறுநாள் சனிக்கிழமை. மாமியார் பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தார், மாமனார் வெளியே போயிருந்தார். நான் தார் வைக்கிற கூடையைக் காலி செய்து, பழைய துணியை விரித்து, முயலை எடுத்து வைத்து மூடினேன். அதன் முதுகெலும்பு கையில் தட்டியது. தறியில் இருந்த என் வீட்டுக்காரர் மிதிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"எங்க கிளம்பிட்ட?"

"மாட்டாஸ்பத்திரிக்கு."

அவர் என்ன சொல்லுவார் என்று நான் நின்று கேட்கவில்லை.

மாட்டாஸ்பத்திரியில் பசுவும் கன்றுமாகக் கூட்டம். கூடையைத் திறந்து காட்டியதும் அங்கே இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. வயதானவர், மூக்குக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, முயலைத் துணியில் சுருட்டி இடுக்கிக்கொண்டார். கட்டைவிரலால் மேல் உதட்டைத் தூக்கினார்.

"இங்க வந்து பாரும்மா" என்றார்.

முன்பற்கள் நகம் வளர்ந்த மாதிரி நீண்டு வளைந்திருந்தன. கீழ்ப்பல் மேலே ஏறி ஈறில் குத்திப் புண்ணாகியிருந்தது. அவ்வளவு பெரிய பல்லை அந்தச் சின்ன உதடு மறைத்துவைத்திருந்தது.

"என்ன குடுக்கறீங்க இதுக்கு?"

நான் சொன்னேன். பால் சோறு, பழம், வெந்த கேரட், நெய் உட்பட.

"புல்லு?"

"புல்லு போட மாட்டோங்க. பட்டுல தூசி ஒட்டும்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "முயலுக்குப் பல்லு நிக்காம வளரும்மா. புல்லும் கட்டையும் கடிச்சாத்தான் தேயும். நீங்க அதுக்குச் சோறு ஊட்டிப் பட்டினி போட்டுட்டீங்க. இது பல வாரமா பசியில கெடக்குது. ஒருத்தர்கூட வாயைத் தொறந்து பாக்கலையா?"

"நான் சொன்னேங்க, யாரும் கேக்கல" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்தது. எனக்காக அழுதேனா, முயலுக்காக அழுதேனா என்று பிரிக்கத் தெரியவில்லை. அவர் கத்தரிக் குறடு மாதிரி ஒன்றை எடுத்துப் பல்லை நறுக்கினார். டக் டக்கென்று இரண்டு சத்தம். ஒரு நிமிஷ வேலை. புண்ணுக்கு மருந்து தடவிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் வாசலிலேயே நின்றார். நான் நடந்ததைச் சொன்னேன். முயலின் உதட்டைத் தூக்கி நறுக்கிய பல்லைக் காட்டினேன். புல் வேண்டும் என்றேன்.

"பல்லுங்கற, புல்லுங்கற. நல்லாத்தான் கதை கட்டற" என்றார் மாமியார். "வர வெள்ளிக்கிழமை தராசு சொல்லட்டும். கார்டு இன்னும் போடலையாம், அதுவரைக்கும் இருக்கட்டும்."

அந்த ஒரு வாரம் முயலைப் பின்கட்டிலேயே வைத்துக்கொண்டேன். கால்வாய் ஓரம் போய் அருகம்புல் பிடுங்கி வந்து போட்டேன். உள்ளே வரும்போது புடவையை உதறிக் கை கழுவிக்கொண்டு வருவேன். முதல் நாள் மெதுவாக, மூன்றாம் நாளிலிருந்து நறநறவென்று தின்றது. ஒரு காலையில் கூண்டுக்குள் ஒரு மூங்கில் துண்டு கிடந்தது. தறியில் போடுகிற மூங்கில். யார் வைத்தது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் அந்தக் கார்டு இருந்தது. சனிக்கிழமை காலையே தபாலில் போட வேண்டியது. மறந்துவிட்டாராம். பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்துவிட்டு, மறதியால் உதவி செய்கிற மனுஷர். அதற்காக அவரிடம் நன்றியும் வந்தது, எரிச்சலும் வந்தது.

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்தது. தராசு தொங்கியது. என் வீட்டுக்காரர் தறியில் இருந்தார், எதிர்வீட்டு அம்மாளும் வந்து நின்றார். மாமனார் போன வாரத்துக் கல்லையே வைத்தார். முயல் இருந்த தட்டு டக்கென்று கீழே இறங்கியது. நூறு கிராம் கல் ஒன்றைச் சேர்த்தார். இன்னும் ஒன்று சேர்த்த பிறகுதான் சமமாயிற்று.

"ஏறிடுச்சு! ஏறிடுச்சு!" என்று மாமனார் சிரித்தார். மாமியார் முயலின் கன்னத்தைத் தடவி, "பாவம், வாயில்லா ஜீவன். என்ன பாடு பட்டுச்சோ" என்றார். எதிர்வீட்டு அம்மாள், "கயிறு கட்டினது வீண்போகலை பாரு" என்றார். சிரிப்பும் பேச்சுமாக இருந்தார்கள். கார்டைப் பற்றி யாரும் பேசவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று ஒரு வார்த்தை? கிடையாது. மாமனார் முயலைத் தூக்கிக்கொண்டார். தட்டு காலியாக ஆடிக்கொண்டிருந்தது.

அந்த நிமிஷம் எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது. இடது கையைக் கீழே தொங்கவிட்டேன். முழங்கையில் ஏற்றி வைத்திருந்த வளையல்கள் சரிந்து வந்தன. ஒன்று மணிக்கட்டைத் தாண்டி, விரல்களைத் தாண்டி, தானாகக் கழன்றது. அதைப் பிடித்துத் தராசுத் தட்டில் வைத்தேன்.

மாமியார் பதறிப்போனார். "வெள்ளிக்கிழமை அதுவுமா, கட்டினவன் கண்ணு முன்னாடி வளையலைக் கழட்டறியே, உனக்கு என்ன வந்துச்சு!"

"நான் கழட்டல அத்தே. அதுவா கழண்டுது" என்றேன். "கல்யாணத்தன்னிக்குச் சோப்பு போட்டு ஏத்தின வளையல் இது. நீங்களும் பக்கத்துலதான் இருந்தீங்க. முயல் எடை குறைஞ்சா கைபட்டவ நான் பதில் சொல்லணும்னீங்க, சொல்லிட்டேன். நான் யார் கையில இருக்கேன்? எனக்கு யார் பதில் சொல்றது?"

தறிச் சத்தம் நின்றுபோனது. மாமனார் முயலை மார்போடு வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். எதிர்வீட்டு அம்மாள் எப்போது போனார் என்று நான் பார்க்கவில்லை. மாமியார் வளையலைத் தட்டிலிருந்து எடுத்து என் கையைப் பிடித்து மாட்டினார். சோப்பு வேண்டியிருக்கவில்லை, அழுத்த வேண்டியிருக்கவில்லை. வளையல் ஒரு இடத்திலும் நிற்காமல் முழங்கைவரை போயிற்று. அவர் என் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தார். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவர் அதை அன்றுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

பிறகு கையை விட்டுவிட்டுச் சமையல்கட்டுக்குப் போனார். மணி பதினொன்றுகூட ஆகவில்லை, ஆண்கள் யாரும் இன்னும் சாப்பிடவில்லை. தட்டில் சோறு போட்டு, பருப்பு ஊற்றி, முயலுக்கென்று தனியாக வைத்திருந்த கிண்ணத்திலிருந்து நெய்யை எடுத்து ஊற்றிக் கொண்டுவந்தார்.

"ஒக்காரு" என்றார்.

அது பாசமா, எதிர்வீட்டு அம்மாள் தெருவெல்லாம் சொல்லிவிடுவாள் என்ற பயமா, எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்கவும் இல்லை. தட்டை வாங்கிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் உட்கார்ந்தேன். பசித்தது.